விடியல் கையிருப்பில் இல்லை

வீட்டில் கிழிந்த துணி தீர்ந்துபோனதும் டிரைவர் நல்ல சட்டைகளைக் கிழிக்க ஆரம்பித்தான்.

"ஏங்க, இது நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் மனைவி.

"ஆணியில மாட்டிக்கிச்சு."

"நம்ம வீட்டுச் சுவத்துல ஆணியே கிடையாதே."

அவன் கையில் இருந்த கத்தரிக்கோலை ஒளிக்கவும் மறந்திருந்தான்.

போர் முடிந்து ஊர் திரும்பியதிலிருந்து இதே கதைதான். தையற்கடை அக்காவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சும்மா போய் நிற்க முடியாது, கையில் ஏதாவது வேண்டும். முதலில் பொத்தான் அறுந்த சட்டை போனது. பிறகு கால்சட்டை, தலையணை உறை, குடைத்துணி. அக்கா எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினான். அந்தத் தெருவிலேயே கிழிசல் இல்லாத குடும்பம் அவனுடையதுதான்.

அக்காவின் தம்பி ராணுவத் தண்ணீர் லாரியில் அவனோடு இருந்தவன். ஓட்டுவது இவன் வேலை, வால்வைத் திறந்து மூடுவது அவன் வேலை. அதனால் இவன் டிரைவர், அவன் வால்வு. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தன. வால்வு ஓயாமல் பேசுவான். "நான் மூடறது லாரி வால்வை மட்டுந்தாண்டா, வாயை இல்ல" என்பான்.

ஒருநாள் முகாமில் தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டு வெறும் லாரியோடு திரும்பும் வழியில் குண்டு விழுந்தது. டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வால்வு உடனே சாகவில்லை. சாலையோரத்தில் கிடந்து தண்ணீர் கேட்டான். டிரைவர் தொட்டிக்குள் இறங்கி, இருட்டில் கையால் துழாவினான். அடியில் துரு மட்டும் ஈரமாக இருந்தது. அந்த ஈரக் கையோடு ஓடிவந்து அவன் உதட்டில் தடவினான். வால்வு முகத்தைச் சுளித்து, "இரும்பு வாசனைடா" என்றான். அதற்குப் பிறகு அவன் எதுவும் பேசவில்லை.

டிரைவர் அவனை அங்கேயே புதைத்துவிட்டு முகாமுக்குப் போய் மேலதிகாரியிடம் சொன்னான். மேலதிகாரி வரைபடத்தை விரித்துப் பார்த்தார்.

"அந்த ரோட்டை மூடியாச்சேப்பா."

"நாங்க தினமும் அதுலதான் சார் போயிட்டு வரோம்."

"போயிருப்பீங்க. நான் இல்லேங்கல. ஆனா மூடின ரோட்டுல ஒருத்தன் எப்படிப்பா சாவான்? நீயே யோசிச்சுப் பாரு."

சாலையை மூடிய உத்தரவின் நகல் எல்லாப் பிரிவுகளுக்கும் போயிருந்தது. தாகத்துக்கு மட்டும் அனுப்பாமல் விட்டிருந்தார்கள். ஆகவே வால்வு இறந்தவர் கணக்கில் சேரவில்லை. அவன் 'தற்சமயம் தொடர்பு எல்லைக்கு வெளியே' இருப்பதாக அக்காவுக்குக் கடிதம் வந்தது.

அக்கா காத்திருந்தாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். டிரைவர் கடைக்குப் போகும்போதெல்லாம் ஊசியில் நூலைக் கோத்தபடி ஒரே கேள்விதான் கேட்பாள்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா தம்பி?"

"தெரிஞ்சா சொல்றேன்க்கா."

தெரியும் என்பதுதான் கஷ்டம். செத்துவிட்டான் என்று சொன்னால் எப்படி என்று கேட்பாள். எப்படி என்று சொல்லப்போனால் தண்ணீரில் போய் நிற்கும். 'தண்ணி கேட்டான்க்கா, நான் தண்ணி லாரி டிரைவர், என்கிட்ட ஒரு வாய் இல்ல' என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

இப்படி இருக்கையில்தான் கடைத்தெருச் சுவரில் அந்தச் சுவரொட்டி முளைத்தது. 'படைவீரர்களே! வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதுங்கள். எழுதியதை உரியவரிடம் நாங்கள் சேர்ப்போம். இவண், படைவீரர் மனபாரம் இறக்கும் வாரியம்.'

மனைவிதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "போய் எழுதிக் குடுத்துருங்க. அவங்களே கொண்டுபோய்ச் சேர்த்துருவாங்களாம். இல்லேன்னா அடுத்தது திரைச்சீலைதான் பாக்கி."

வாரியம் பழைய ரயில் பார்சல் ஆபீசில் இருந்தது. வாசலில் 'பாரம் இறக்குமிடம்' என்று முன்பே பெரிய எழுத்தில் இருந்ததால் பெயர்ப்பலகைச் செலவு மிச்சம் என்று அந்தக் கட்டடத்தையே கொடுத்துவிட்டார்கள். கயிறு, பசை, தராசு, அச்சடித்த படிவக் கட்டுகள் எல்லாம் அப்படியே கிடந்தன. அரசாங்கச் சொத்து வீணாகக் கூடாது என்று வாரியம் அவற்றையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பெயரைப் பதிந்ததும் டிரைவரைத் தராசில் ஏற்றி நிறுத்தினார்கள்.

"இது எதுக்கு சார்?"

"பாரம் இறங்கினதும் மறுபடி பாப்போம். வித்தியாசம் தெரிய வேணாமா?"

எழுத்துக்கூடம் ஒரு நீண்ட கிடங்கு. கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியாக மேசைகள்மேல் வெயில் வட்டம் வட்டமாக விழுந்தது. பட்டாளத்துக்காரர்கள் உத்தரவில்லாமல் எதையும் செய்ய மாட்டார்கள் என்ற அறிவியல் உண்மையின்படி, வகுப்பைக் கவாத்து மாஸ்டர் ஒருவர் நடத்தினார்.

"பேனா... எடு! மூடி... கழற்று! நினைவு... கூர்!"

நினைவு கூர் என்றதும் எல்லோரும் தலையை இடப்பக்கம் சாய்த்துக் கண்ணை மூட வேண்டும். வலப்பக்கம் சாய்த்தவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வந்து மூச்சிரைக்க நினைவுகூர்ந்தார்கள்.

டிரைவருக்குப் பக்கத்தில் குண்டுச் சத்தத்தில் ஒரு காது போன ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒத்தக்காது என்றால்தான் திரும்புவான், அதுவும் சரியான பக்கத்திலிருந்து கூப்பிட்டால்.

"புதுசா? பயப்படாத. என்ன வேணா எழுது, கடைசியில விடிஞ்சிரணும். அவ்வளவுதான் சட்டம்" என்றான்.

"விடியணுமா?"

"ஆமா. நான் உச்சி வெயில்ல நடந்ததைத்தான் எழுதினேன். அதுலயும் கடைசியில விடிஞ்சிருச்சு."

அதற்கான விளக்கம் அன்றைக்கே கிடைத்தது. வாரியத்தின் இயக்குநர் புதியவர்களை வரவேற்றுப் பேசினார். கோழி வளர்ப்புத் துறையிலிருந்து பதவி உயர்வில் வந்தவர், தடவிக் கொடுப்பதுபோல் பேசும் மனிதர்.

"நான் போரைப் பார்த்ததில்லை. அதை நான் மறைக்கவில்லை. அதுதான் என் தகுதி. போரைப் பார்த்தவர்களால் அதைப் பற்றி நடுநிலையோடு எழுத முடியாது. எதிரே குண்டு வந்தால் குண்டைப் பற்றியே எழுதுகிறார்கள். குண்டு வராத பக்கமும் ஒன்று இருந்ததல்லவா? அதை யார் எழுதுவது? கோழித் துறையில் நான் ஒன்று கற்றேன். இடி இடித்தால் கோழிகள் பயந்து முட்டையிடாது. நாங்கள் கொட்டகையில் பெரிய விளக்கைப் போடுவோம். விடிந்துவிட்டது என்று நினைத்து முட்டையிட்டுவிடும். இடியைப் பற்றி அவற்றிடம் நாங்கள் விசாரித்ததே இல்லை. வீரர்களே, உங்களுக்காகவும் நாங்கள் விளக்கைப் போட்டிருக்கிறோம்!"

கவாத்து மாஸ்டர் "கை... தட்டு!" என்றார். தட்டினார்கள்.

"நல்ல மனுசன்டா. கறிக்கடைக்கு அனுப்பறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை பாரு" என்றான் ஒத்தக்காது.

டிரைவர் எழுத உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவன் எழுதியது கையெழுத்து மட்டும்தான். பல நாள் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டு வெறும் தாளோடு எழுந்தான். ஒருநாள், யாரும் 'கூர்' என்று சொல்வதற்கு முன்பே, தொட்டிக்குள் கையை விட்டது ஞாபகம் வந்தது. அங்கிருந்து எழுதிக்கொண்டே போனான். தாகம், துரு, இரும்பு வாசனை, குழி. 'அக்கா, உங்கள் தம்பி இறந்துவிட்டான்' என்று கடைசி வரி எழுதிவிட்டு நிமிர்ந்தபோது நெஞ்சுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. இனி இதை அவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். அக்கா தனியாக உட்கார்ந்து படிப்பாள். அதற்குப் பிறகு அவன் போய் அவள் காலடியில் உட்கார்ந்துகொள்வான்.

எழுத்து முதலில் உணர்ச்சி அலுவலரிடம் போனது. அவர் நடுத்தர வயதுப் பெண்மணி, நல்ல மனம், இளகிய குரல். மேசையில் பென்சில்களைக் கூராகச் சீவி அடுக்கியிருந்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. படிச்சிட்டு நான் அழுதுட்டேன். அதனாலதான் இதைத் திருத்தணும்" என்றார்.

"என்ன மேடம் தப்பு?"

"தண்ணி லாரியில தண்ணி இல்லேன்னு எழுதியிருக்கீங்க."

"இல்லையே மேடம்."

"எனக்குப் புரியுது. படிக்கிறவங்களுக்கு? தாகத்தோட ஒருத்தர் போனார்னு அவங்க வீட்டுல படிச்சா நெஞ்சு தாங்குமா? கொஞ்சம் தண்ணி குடுத்துருங்களேன் தம்பி. எழுத்துலதானே, யாருக்கு என்ன குறையப்போகுது?"

"அது பொய்யாச்சே மேடம்."

"பொய் இல்லப்பா. ஆறுதல். ரெண்டும் வேற வேற பிரிவு."

அவன் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தான். எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தான். ஆனால் பேனா 'தண்ணீர்' என்ற சொல்லைத் தொட்டதும் கை நிற்கவில்லை. 'குடுவையில் தண்ணீர் இருந்தது' என்று எழுதினான். 'தலையைத் தூக்கிப் பிடித்தேன். மடக் மடக்கென்று குடித்தான். கழுத்தில் வழிந்தது. சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னும் இருக்காடா என்றான். இருந்தது. மறுபடி கொடுத்தேன்.' மறுபடியும் கொடுத்தான். அடுத்த பக்கத்திலும் வால்வு குடித்துக்கொண்டே இருந்தான். கிணற்றுத் தண்ணீர், பானைத் தண்ணீர், மழைத் தண்ணீர். டிரைவரின் கண்ணிலிருந்து சொட்டி எழுத்து கலைந்தது. கலைந்த இடத்தில் மறுபடி தண்ணீர் என்றே எழுதினான்.

உணர்ச்சி அலுவலர் படித்துவிட்டு, "ஒரு வாய் போதும் தம்பி, இவ்வளவு வேணாம்" என்றார். மற்றதை அடித்தார். அழுததற்கு அடையாளமாகத் தாளில் கறை இருந்ததால் 'பாரம் இறங்கும் அறிகுறி' என்று ஓரத்தில் குறித்தார். பிறகு பென்சில் கடைசி வரிக்கு வந்தது.

"'இறந்துவிட்டான்' வராது தம்பி. அந்த ரோடு மூடியிருக்கு. 'கண் அயர்ந்தான்'னு போட்டுக்கலாம்."

"மேடம், கண் அயர்ந்தவன் எந்திரிக்கணுமே?"

"அது முடிவுப் பிரிவு. ஒண்ணாம் நம்பர் ஜன்னல்."

ஒன்றாம் எண் ஜன்னல் முன்பு பார்சல் வாங்கும் ஜன்னலாக இருந்தது. உள்ளே முடிவுக் குமாஸ்தா, முடிவுக்கு ஒன்றாக இருந்த முத்திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன முடிவு வேணும்?"

"செத்துட்டான் சார்."

"அது உள்ளடக்கம். நான் முடிவைக் கேக்கறேன்."

"அதுதான் சார் முடிவு."

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாருப்பா, நீ விடியல் கேட்டு வந்திருக்கேன்னு நினைக்கிறேன். விடியல் கையிருப்பு தீந்துபோச்சு. எல்லாரும் விடியலையே எடுத்தா என்ன பண்றது? மேலிடத்துல எண்ணிப் பாத்திருக்காங்க. இத்தனை விடியல் வந்தா சண்டை அத்தனை நாள் நடந்ததா ஆயிடுதாம். சீக்கிரம் முடிஞ்சுதுன்னு ஏற்கெனவே அறிக்கை விட்டாச்சு. அதனால இனிமே விடிய அனுமதி இல்லை."

"எனக்கு விடியல் வேணாம் சார்."

"நல்லது. வேற என்ன இருக்குன்னு பாப்போம்." முத்திரைகளைப் புரட்டினார். "பறவை இருக்கு, ஆனா அது ஆபீசருங்களுக்கு மட்டும். மழலைச் சிரிப்பு இருக்கு. குழந்தை இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அதுவும் ஆகாது. திரும்பி வந்த நண்பன் ஒண்ணே ஒண்ணு கிடக்கு. யாருக்கும் பொருந்தலைன்னு தூங்குது. உனக்கு நண்பன் இருக்கான், கண்ணும் அயர்ந்திருக்கான். அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கே!"

"சார், அவனை நான் என் கையால புதைச்சேன்."

"அப்படியா?" குமாஸ்தாவுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. முத்திரையை மையில் ஒற்றினார். "முடிவுங்கறது சும்மா முறைக்குத்தாம்பா. அதை யாரு படிக்கப்போறா?" பட்டென்று குத்தினார்.

டிரைவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "இதை அவன் அக்காகிட்ட குடுக்கக் கூடாது சார். கிழிச்சுப் போட்டுருங்க. நான் எழுதவே இல்லைன்னு வெச்சுக்கங்க."

"ஆட்சேபம் இருந்தா எழுத்துல குடு."

எழுதிக் கொடுத்தான். 'என் நண்பன் இறந்துவிட்டான். திரும்பி வந்தான் என்பது பொய். இதை அவன் அக்காவிடம் கொடுக்கக் கூடாது.' வாரியத்துக்குள் எழுதுகிற எதுவும் எல்லாப் பிரிவுகளையும் சுற்றித்தான் வரும். அவனுடைய ஆட்சேபமும் போய், சோகம் நீக்கப்பட்டு, நம்பிக்கை சேர்க்கப்பட்டு, முத்திரையோடு திரும்பியது. 'என் நண்பனை எண்ணிச் சில காலம் வருந்தினேன். வாரியத்தின் அரவணைப்பால் தேறிவிட்டேன். இதை அவன் அக்காவிடம் விரைந்து கொடுக்க வேண்டுகிறேன்.' அவனுடைய வேண்டுகோள் உடனே ஏற்கப்பட்டு, ஒப்படைப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள்.

"இங்க எதையும் எழுதிக் கேக்காதடா. நான் உடம்பு சரியில்லைன்னு லீவு கேட்டு எழுதினேன். கடைசியில நான் குணமாகி வேலைக்கு வந்துட்டதா திரும்பி வந்துச்சு" என்றான் ஒத்தக்காது.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் டிரைவர் ஒரு சட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டு அக்கா கடைக்கு ஓடினான். அக்கா உதடுகளுக்கு நடுவில் குண்டூசிகளைக் கவ்வியபடி பள்ளிக்கூடச் சீருடை ஒன்றை மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் வாரியத்தின் அழைப்பிதழ் இருந்தது.

"அக்கா, நாளைக்கு அங்க ஒண்ணு படிப்பாங்க. அதுல..."

"ம்?"

"அதுல இருக்கறது எல்லாமே..."

"ம்."

"நீங்க வராம இருந்தா நல்லது அக்கா."

அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினாள். எல்லாம் தீர்ந்த பிறகு சொன்னாள்: "அவனைப் பத்தி நீ எழுதியிருக்கேன்னு போட்டிருக்கு. நான் வராம இருப்பேனா தம்பி?"

சட்டையை அவனிடமிருந்து வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். நேர்கோட்டில் வெட்டிய கிழிசலை விரலால் தடவினாள். தைக்க உட்கார்ந்தாள். இயந்திரச் சத்தத்தில் அவனால் ஒன்றும் சொல்ல முடியாது என்பதில் அவனுக்கே ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வீடு வரும்வரை வெட்கப்பட்டான்.

விழா கிடங்கிலேயே நடந்தது. மேடையில் முதலில் டிரைவரைத் தராசில் நிறுத்தினார்கள். பல நாளாகச் சரியாகச் சாப்பிடாததால் எடை கணிசமாகக் குறைந்திருந்தது. பாரம் இறங்கிவிட்டதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று இயக்குநர் முள்ளைக் கூட்டத்துக்குக் காட்டினார். கைதட்டல் எழுந்தது.

வீரர்களின் குரல் நடுங்குகிறது என்பதால் எழுத்துகளை வாசிக்க வானொலியிலிருந்து ஓர் அறிவிப்பாளரை வரவழைத்திருந்தார்கள். குழைவான குரல். அக்கா முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குண்டு 'எதிர்பாராத ஓசை' ஆகியிருந்தது. வால்வு தண்ணீர் குடித்தான். வாயைத் துடைத்தான். கண் அயர்ந்தான். அறிவிப்பாளர் ஒரு கணம் நிறுத்தி, குரலை உயர்த்தினார்.

"மாலை வெயிலில், தெருமுனையில், ஓர் உருவம்! மெல்லப் புன்னகைத்துக் கையசைத்தது. ஆம், அவன் திரும்பி வந்துவிட்டான்!"

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. உணர்ச்சி அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவுக் குமாஸ்தா பக்கத்திலிருந்தவரிடம், "கடைசி உருப்படி அது. கிடந்து கிடந்து எவ்வளவு அழகா உபயோகமாச்சு பாருங்க" என்றார்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்" என்று டிரைவர் ஒலிபெருக்கி இருந்த பக்கம் நகர்ந்தான்.

"பேனா... மூடு!" என்றார் கவாத்து மாஸ்டர். உடம்புக்கு அந்தக் குரல் பழகியிருந்தது. டிரைவர் நின்றுவிட்டான்.

இயக்குநர் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பேசினார். "இவர் வந்தபோது ஒரு மரணத்தோடு வந்தார். மரணத்தை வைத்துக்கொண்டு ஒரு நாடு என்ன செய்ய முடியும்? நாங்கள் அவரிடம் எதையும் திணிக்கவில்லை. அவர் எழுதியதை எடுத்துவிட்டு, அவர் எழுத நினைத்திருக்கக் கூடியதை வைத்தோம். எங்கள் வாரியம் தொடங்கிய பிறகு இந்தப் போரில் இறந்தவர்களின் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்துவருகிறது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட எழுத்தைக் கொடுத்தார்கள். பழைய பார்சல் படிவம் ஒன்றை நீட்டினார்கள். அதில் 'உருப்படியைச் சேதமின்றிப் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. அக்கா அந்த வரியை நிதானமாகப் படித்தாள். பிறகு இயக்குநர் முகத்தைப் பார்த்தாள். அவர் இடத்தைச் சுட்டிக்காட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

டிரைவர் வெளியே ஓடிவந்தபோது அவள் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். சட்டத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அவன் எதிரில் போய் நின்றான்.

"வெயில்ல நிக்காத. இப்படி உக்காரு."

உட்கார்ந்தான். "அக்கா, அந்தக் கடைசியில வருதே..."

"அது நீ எழுதலை."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மெல்லப் புன்னகைச்சுக் கையசைச்சானாம். என் தம்பி என்னிக்கு மெல்லப் புன்னகைச்சான்? தெருமுனையில திரும்பும்போதே கத்திக்கிட்டு வருவான். அக்கம்பக்கத்துல நாலு பேர் எட்டிப் பாப்பாங்க. அவங்க திருப்பி அனுப்பியிருக்கறது வேற யாரையோ." கவிழ்ந்திருந்த சட்டத்தின் முதுகை உள்ளங்கையால் நீவினாள். "செத்துட்டான். இல்ல?"

"ஆமாக்கா."

அவ்வளவுதான். ஒரு சட்டையைக்கூடக் கிழிக்காமல் வந்துவிட்டது. அக்கா அழவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் தம்பி. நீ முதல் தடவை அந்தப் பொத்தானை எடுத்துக்கிட்டு வந்தப்பவே பாதி தெரியும். வாய்விட்டுக் கேக்க எனக்கும் தைரியம் வரலை. எங்க இருக்கான்?"

"அந்த ரோட்டோரத்துல. நான்தான் குழி தோண்டினேன். கல்லு அடுக்கி வெச்சிருக்கேன். உங்களைக் கூட்டிட்டுப் போறேன்க்கா."

"போவோம்."

அக்கா சட்டத்தைத் திருப்பி, கண்ணாடியின் மேல் ஒரு விரலை வைத்தாள். விரல் நடுப்பக்கத்தில் நின்றது.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். மத்ததெல்லாம் யார் யாரோ எழுதினது. இந்த இடம் மட்டும் நீ எழுதினது. சட்டைக் கையால வாயைத் துடைச்சான்னு இருக்கு. அது அவன்தான். எத்தனை தடவை திட்டியிருப்பேன், கறை போகாதுடான்னு." அவள் குரல் இறங்கியது. "தண்ணி குடிச்சது... அதாச்சும் நிஜந்தானே தம்பி?"

டிரைவர் வாயைத் திறந்தான். நாக்கில் இரும்பு வாசனை அடித்தது. அவன் எதிரில் ஜன்னல் இல்லை, முத்திரை இல்லை, பென்சில் இல்லை. திருத்தச் சொல்லி யாரும் நிற்கவில்லை. அக்காவின் விரல் மட்டும் அந்த வரியை விட்டு நகராமல் இருந்தது.

"நிஜம்க்கா."

"வயிறு நிறையக் குடிச்சானா?"

"குடிச்சான்க்கா. இன்னும் இருக்கான்னு கேட்டான்."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு. குடுத்தேன்."

அப்போதுதான் அக்கா அழுதாள். அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், உடம்பு மட்டும் குலுங்க அழுதாள். பேருந்து வந்து நின்றது. நடத்துனர் எட்டிப் பார்த்து, "ஏறலையா?" என்று கேட்டார். இருவரும் அசையவில்லை. பேருந்து போய்விட்டது.

"அது போதும் தம்பி" என்றாள் அக்கா. "எனக்கு அது போதும்."

சொல்லிச் சொல்லி அவளுக்கு ஆறவில்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவன் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.